அலுமாரியில் அடைபட்ட சித்திரக்கதைகள்

சித்திரக்கதை என்றவுடன் எம்மவரில் மூத்தோர் பலர் முகஞ்சுளிப்பதை இன்றும் காணலாம். பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் பொருள், பாடப்புத்தகத்தின் நடுவே ஒளித்து வைக்கப்படும் பொருள் என்பதற்கு மேல் அதற்கென ஒரு வரலாறு உண்டென்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியத் தொழில் புரிந்த நாட்களில் இக்கருத்தை மிகுந்த உறுதியுடன் கடைப்பிடித்தவர்களுள் நானும் ஒருவன். ஆகையால் இக்கட்டுரையை ஒரு குற்றவாளியின் வாக்குமூலமாகவும் வாசகர்கள் கொள்ளலாம்.

நாம் குடியிருக்கும் இந்நாட்டிலிருந்தே தொடங்குவோம். பாடன் நகரிலிருந்து புகையிரதத்தில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணத்தில் ஜெனீவா வந்துவிடும். அங்கு 1799ஆம் ஆண்டு பிறந்தவர் ரொடோல்ப் தொப்பெர். தந்தையார் பெயர்பெற்ற ஓவியர். மகனும் தூரிகையையே கையில் எடுத்திருப்பார். கண்பார்வைக் குறைபாடு அதற்கு இடங்கொடுக்கவில்லை. எனவே அவர் ஆசிரியரானார். மாணவர் தங்கிப் படிக்கும் பாடசாலை ஒன்றை நடத்தினார். 1827இல், தம் மாணவரை மகிழ்விப்பதற்காக, வியூ புவா என்னும் அசட்டுக் காதலனின் கதையைக் கட்டங்கட்டமாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்தின் கீழும் சில வரிகள் எழுதினார். படமின்றி வாசகம் விளங்காது. வாசகமின்றிப் படமும் விளங்காது. இன்று உலகெங்கும் கொமிக்ஸ் என வழங்கும் கலையின் தொடக்கம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு.

கையெழுத்துப் படியாகவே சுற்றிக்கொண்டிருந்த இக்கதைகள் ஜேர்மன் மகாகவி கோதேயின் முதுமைக்காலத்தில் அவர் கைக்கு எட்டின. அவர் மனமாரப் பாராட்டினார். 1830களில் தொப்பெர் ஒவ்வொன்றாக அச்சிடத் தொடங்கினார். அதற்குள் ஜெனீவா உயர்கல்விக் கழகத்தில் அவர் பேராசிரியராகவும் ஆகிவிட்டார். 1839இல் பாரிஸ் நகரத்துப் பதிப்பகம் ஒன்று, அவரைக் கேளாமலே அவருடைய நூல்களைப் பிரதிசெய்து விற்றது. 1842இல் வியூ புவாவின் கதை ஆங்கிலத்தில் வேறு பெயருடன் அமெரிக்காவில் வெளியாயிற்று. அதிலும் அவருக்கு ஒரு சதமும் கிடைத்ததாகத் தெரியவில்லை. சித்திரக்கதையும் அதன் திருட்டுப் பிரதியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இது பயன்படும்.

மாணவருக்காகச் சித்திரக்கதை வரைந்த ஓர் ஆசிரியரைப் பற்றி இந்நாட்டுக்கு வந்த பின்னரே அறிந்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காரணத்தைப் பின்னர் கூறுகிறேன்.

தமிழுக்கு வருவோம். 1947இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய அம்புலிமாமா எங்கள் பெற்றோரின் தலைமுறைக்குப் படம் பார்த்துக் கதை படிக்கும் பழக்கத்தை ஊட்டியது. வாண்டுமாமா போன்றோர் சிறுவர் இதழ்களில் சித்திரக்கதைகளை எழுதினர். எனினும் தனிப் புத்தகமாக, கட்டங்களும் பேச்சுக் குமிழிகளுமாக, மாணாக்கரின் புத்தகப் பைக்குள் பரவலாக நுழையத் தொடங்கியது 1972இல் எனலாம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் பேர்போன சிவகாசியில் சௌந்தரபாண்டியன் என்பார் முத்து காமிக்ஸ் என்ற வெளியீட்டைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் ஆசிரியர். முதல் இதழின் நாயகன் இரும்புக்கை மாயாவி.

இம்மாயாவி பிறப்பால் ஆங்கிலேயன். 1962இல் இலண்டனில் தொடங்கிய வேலியண்ட் என்ற வார இதழில் வெளியான தொடர் அது. வரைந்தவர் ஜேசுஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். விபத்தில் ஒரு கையை இழந்து உருக்குக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்து அக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கத் தோன்றுவான். சிவகாசி அவனுக்குச் சூட்டிய பெயர் மூலப் பெயரைக் காட்டிலும் சிறந்தது என்பேன். 1984ஆம் ஆண்டு ஜூலையில் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என இரண்டு வெளியீடுகள் ஒருங்கே தோன்றின. ராணி காமிக்ஸில் வேறொரு முகமூடி வீரனும் மாயாவி என்றே அழைக்கப்பட்டான். எந்த மாயாவி மெய்யான மாயாவி என்று வகுப்பறைகளில் நடந்த வழக்குகளுக்கு அளவில்லை.

எங்கள் நாட்டில் இவற்றின் வரவு ஒருநாளும் சீராக இருந்ததில்லை. 1970களின் முற்பகுதியில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் உள்ளூர்ச் சஞ்சிகைகள் செழித்தன என்பதும் உண்மை. 1977இன் பின் தடை தளர்ந்து புத்தகங்கள் வந்தன. போர் மூண்டதும் மீண்டும் அருகின. ஆகவே கடையில் வாங்கியவரைவிட இரவல் வாங்கியவரே அதிகம். ஒரு புத்தகம் ஒரு ஊரையே சுற்றிவரும். அட்டை போய்விடும், யாரோ ஒருவரின் தாயார் தையல் நூலால் முதுகைத் தைத்துக் கொடுப்பார், அது மேலும் இரண்டு ஆண்டுகள் சுற்றும். பெரிய நூலகம் எதுவும் இவற்றைச் சேர்த்து வைத்ததாக நான் அறியேன். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக நாம் இன்றும் அழுகிறோம். அழவேண்டியதே. ஆனால் நூலகத்துள் அனுமதிக்கப்படாமலே அழிந்தவற்றுக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

1990இன் பின் வடபகுதிமீது பொருளாதாரத் தடை இறுகியது. தாள் இல்லை. நாளிதழ்கள் மாணவர் கொப்பியின் கோட்டுத் தாளில் அச்சாகின. மண்ணெண்ணெய் விலை ஏறியதால் சிம்னி விளக்கும் ஆடம்பரமாகி, போத்தல் விளக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் பாடப்புத்தகத்தைப் படிக்காமல் மாயாவியைப் படிக்கிறானே என்ற கோபம் எனக்கு. 1995ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து அட்டையில்லாத, நூலால் தைத்த முத்து காமிக்ஸ் ஒன்றைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"சேர், அது என்ர இல்லை. இரவல் வாங்கினது" என்றான்.

"தவணை முடிய வந்து வாங்கு" என்றேன்.

தவணை முடியவில்லை. ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. சான்றிதழ்களையும் ஒரு சோடி உடுப்பையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானும் நடந்தேன். மறுவருடம் திரும்பிச் சென்று பார்த்தபோது அலுமாரி திறந்து கிடந்தது; உள்ளே ஒரு தாளும் இருக்கவில்லை. அம்மாணவனும் அப்பாடசாலைக்குத் திரும்பவில்லை.

இந்நாட்டிற்கு வந்தபின் கண்டது வேறு. 1932இல் குளோபுஸ் என்ற பெருங்கடையின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு விளம்பரமாகத் தோன்றிய குளோபி என்னும் நீலக் கிளிக்கு இன்றும் புத்தகங்கள் வெளிவருகின்றன. ஒருபுறம் படம், மறுபுறம் எதுகைச் செய்யுள். பாட்டன் வாசித்த குளோபியைப் பேரன் நூலகத்தில் இரவல் எடுக்கிறான். எம் பிள்ளைகளும் எடுக்கிறார்கள். அப்பழைய புத்தகங்கள் சிலவற்றில் பிற இனத்தவரைக் காட்டிய விதத்தைப் பின்னாளில் இந்நாட்டவரே கண்டித்தனர். பழம்பிரதிகள் இருந்தபடியால்தான் அவ்விவாதத்தையும் நடத்த முடிந்தது.

சிவகாசியும் சோர்ந்துவிடவில்லை. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. லயன், முத்து வெளியீடுகளோ பலமுறை தடுமாறியும் நிலைத்தன. பாகம் பாகமாக வாசகரைக் காக்க வைத்த இரத்தப் படலம் 2010இல் 18 பாகங்களும் அடங்கிய ஒரே நூலாக வந்தது. 2012 முதல் நல்ல தாளில், முழு வண்ணத்தில், பெரிய அளவில் அச்சிடுகிறார்கள். மாயாவியின் பழைய கதைகளும் மறுபதிப்புக் கண்டுள்ளன. பாடனுக்குத் தருவிப்பதாயின் நூலின் விலையினும் தபாற்செலவு கூடும். கூடினும் வாங்குகிறேன். நாம் வாங்காவிட்டால் அச்சு நின்றுவிடும்.

மின்வடிவில் படிப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். கைத்திரையில் கட்டம் கட்டமாகப் பெருப்பித்துப் படிப்பது என் வயதுக் கண்களுக்கு வசதியாகவே உள்ளது. ஆயினும் ஒரு பக்கத்தை முழுதாக ஒரே பார்வையில் காணும் இன்பம் அதில் இல்லை. உரிமையும் உறுதியற்றது. ஆங்கிலக் கொமிக்ஸ்களை மின்வடிவில் விற்ற கொமிக்ஸோலொஜி என்ற நிறுவனத்தை 2014இல் அமேசன் வாங்கியது. 2023 டிசம்பரில் அதன் தனிச்செயலி மூடப்பட்டு, வாசகரின் புத்தகங்கள் கிண்டிலுக்கு மாற்றப்பட்டன. கடைக்காரர் வீட்டுக்கு வந்து எம் அலுமாரியை இடம் மாற்றிவைப்பது போன்றது இது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகத்தில் சிவஞானசுந்தரம் அவர்களின் சிரித்திரன் இதழ்களைப் பார்க்கலாம். சவாரித்தம்பர் அங்கே அதே மிடுக்குடன் இருக்கிறார். மறுபதிப்புக் காணாத இந்தியச் சித்திரக்கதைகளையும் தனிவாசகர் சிலர் ஸ்கேன் செய்து பகிர்கின்றனர். உரிமையாளரைக் கேளாமல் செய்வது தவறென்பது தெரிந்ததே. தொப்பெர் பட்ட பாட்டைக் கூறியதும் அதற்காகத்தான். கடையில் கிடைக்கும் நூலை இரவல் மின்பிரதியில் படிப்பவரை நான் மன்னிக்கமாட்டேன். ஆனால் எங்குமே கிடைக்காத ஒன்றின் கடைசிப் பிரதியை ஒருவர் படியெடுத்து வைத்தாராயின், பூட்டிவைத்துத் தொலைத்த நான் அவரை எவ்வாறு குறைகூறுவேன்?

அம்மாணவன் இப்போது நாற்பது கடந்த குடும்பஸ்தனாக எங்கேனும் இருக்கக்கூடும். நான் பறித்த கதையின் தலைப்பு எனக்குத் தெரியாது, அட்டை இருக்கவில்லையே. உருக்குக் கை ஒன்று மின்கம்பியைப் பற்றும் படம் மட்டும் நினைவிலிருக்கிறது. மாயாவி மறுபதிப்பு ஒவ்வொன்று வரும்போதும் முதலில் அந்தப் படத்தையே தேடுகிறேன். வாசகர்களில் எவரிடமேனும் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சித்திரக்கதைகள் பெட்டிகளில் கிடக்குமாயின், அருள்கூர்ந்து வீசிவிடாதீர்கள். அட்டை இல்லாதவற்றையும், நூலால் தைத்தவற்றையும், உள்ளே இரவல் வாங்கியோரின் பெயர் எழுதப்பட்டவற்றையும் பார்க்க நான் பாடனிலிருந்து எவ்வளவு தூரமும் வரத் தயாராக உள்ளேன்.