மூணரை கிராம் எலும்பு

மக்களே, தீசிஸ் வேலையில மாட்டிக்கிட்டதால ரெண்டு மாசமா நம்ம கடை ஈ ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. இன்னிக்கு மொக்கை கிடையாது, கொஞ்சம் வரலாறு. தலைப்பைப் பார்த்து மட்டன் குழம்புப் பதிவுன்னு வந்தவங்க பொறுத்தருள்க :-)

இங்கே பான் நகரத்து லாண்டஸ்மியூசியத்துல ஒரு மனுஷனோட எலும்புகள் இருக்கு. மண்டையோட்டு மூடி, தொடை, கைன்னு மொத்தம் 16 துண்டு. 1856ல டுஸ்ஸல்டார்ஃப் பக்கத்துல நியாண்டர் பள்ளத்தாக்குல சுண்ணாம்புக்கல் வெட்டினவங்களுக்குக் கிடைச்சது. கரடி எலும்புன்னுதான் முதல்ல நினைச்சாங்க. யோஹான் கார்ல் ஃபூல்ராட்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் இது பழங்கால மனுஷன்னு கண்டுபிடிச்சார். சும்மா விடுவாங்களா? செத்துப்போன ரஷ்யக் குதிரைப்படை வீரன்னார் ஒரு பேராசிரியர். நோயாளி எலும்புன்னார் பெரிய டாக்டர் விர்ஷோ. கடைசியில வாத்தியார்தான் ஜெயிச்சார். நியாண்டர்தால்ங்கிற பேரே அந்தப் பள்ளத்தாக்கோட பேருதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். 140 வருஷம் பொத்திப் பொத்தி வச்ச அந்த எலும்புல, 1990கள்ல ரம்பத்தை வச்சாங்க. வலது மேற்கை எலும்புல இருந்து 3.5 கிராம். ம்யூனிக்ல இருந்த ஸ்வாந்தே பேபோ குழுவுக்காக வெட்டினது. அதுல டிஎன்ஏ கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. வெட்டினது வெட்டினதுதான், ஒட்ட முடியாது. அதுவும் எப்பேர்ப்பட்ட எலும்பு! நியாண்டர்தால் இனத்துக்கே மூல அடையாளம்.

நல்லவேளை, கிடைச்சது. 1997ல முடிவு வெளிவந்துச்சு. தாய்வழி டிஎன்ஏவுல ஒரு சின்னப் பகுதியை ஒப்பிட்டா, இன்னிக்கு இருக்குற எந்த ரெண்டு மனுஷங்களுக்கும் நடுவுல சராசரியா 8 வித்தியாசம். நமக்கும் அந்த ஆளுக்கும் 27. அப்புறம் 2010ல குரோஷியாவுல கிடைச்ச எலும்புகள்ல இருந்து மரபணுத் தொகுப்போட வரைவு. அதுக்குத் தேவைப்பட்டது அரை கிராமுக்கும் குறைவான பொடி. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்குற நம்ம எல்லார்கிட்டயும் அவங்க ரத்தம் கொஞ்சம் ஓடுதுன்னு அதுலதான் தெரிஞ்சது. பேபோவுக்கு 2022ல நோபல்.

"எவனோ செத்த குகைமனுஷன், நமக்கென்னப்பா?"ன்னு கேட்டீங்கன்னா: கொரோனாவைத் தீவிரமாக்குற ஒரு மரபணுப் பகுதி நியாண்டர்தால்கள்கிட்ட இருந்து வந்ததுன்னு 2020ல கண்டுபிடிச்சாங்க. ஐரோப்பாவுல சுமார் 16 சதவீதம் பேர்கிட்ட அது இருக்கு. தெற்காசியாவுல சுமார் 50 சதவீதம். நம்ம வீட்டு சங்கதிதான்!

அதனால வெட்டினது சரின்னுதான் நான் சொல்வேன். ஆனா 3.5 கிராம் தேவைப்பட்ட வேலை பதிமூணு வருஷத்துல அரை கிராமுக்குள்ள வந்துடுச்சு பாருங்க. 2023ல லைப்ஸிக் மாக்ஸ் ப்ளாங்க் ஆட்கள் இன்னொரு படி மேல போனாங்க. சைபீரியாவுல டெனிசோவா குகையில கிடைச்ச ஒரு மான் பல் பதக்கத்தை, துளைக்காம, பொடிக்காம, சூடான பாஸ்பேட் கரைசல்ல வச்சே டிஎன்ஏ எடுத்துட்டாங்க. அதை அணிஞ்சது ஒரு பெண்ணுன்னு தெரிஞ்சது. பதக்கம் பதக்கமாவே இருக்கு. கிடைச்ச உடனே அவசரப்பட்டு இடிச்சிருந்தா?

அருங்காட்சியகத்துல இருக்குற எலும்பு நம்ம தலைமுறைக்கு மட்டும் எழுதி வச்ச சொத்து இல்ல. விதைநெல் மாதிரி. பஞ்சம்னா கொஞ்சம் எடுக்கலாம், மொத்தத்தையும் பொங்கித் தின்னக்கூடாது. எடுக்கிறவன் எவ்வளவு எடுத்தேன், என்ன கிடைச்சதுன்னு எழுதியும் வைக்கணும். இல்லன்னா அடுத்து வர்றவன் அதே எலும்புல மறுபடி கை வைப்பான்.

நமக்கும் இதுல சம்பந்தம் இருக்கு. 1876லயே ஆதிச்சநல்லூரைத் தோண்டினவர் ஃபெடோர் யாகோர்ங்கிற ஜெர்மன்காரர். எடுத்ததெல்லாம் பெர்லினுக்குப் போச்சு. நாளைக்கு நம்ம தாழிகள்ல கிடைச்ச ஒரு பல்லைப் பொடிக்கணும்னு ஒருத்தர் கேட்டா, யார் சரின்னு சொல்லணும்? வச்சிருக்கிற மியூசியமா, தாமிரபரணிக் கரைக்காரங்களா?

எனக்கு ஒரு பதில் இருக்கு. முதல்ல உங்க பதிலைப் பின்னூட்டத்துல போடுங்க, சண்டையை அங்கே வச்சுக்கலாம்.