ஒளிந்திருக்கும் ஓரவஞ்சனை

அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் பொருளாதார அறிஞர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். செய்தித்தாள்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினர். ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றினர். வெள்ளையர் பெயர் தாங்கியவற்றுள் சுமார் பத்தில் ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பினத்தார் பெயர் தாங்கியவற்றுள் பதினைந்தில் ஒன்றுக்கே வந்தது. முடிவு 2004இல் வெளியாயிற்று.

விண்ணப்பங்களைத் தள்ளியவர்களுள் சிலர், "நாங்கள் பாகுபாடு பார்ப்பதில்லை" என்று மனமறியவே சொல்லக்கூடும். ஒருவர் தாமே அறியாத பாகுபாடு அவர் உள்ளத்தில் இருக்க முடியுமா? உள்ளம் என்பது யாது என முடிவு செய்யாமல் இதற்கு விடை கூற இயலாது.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், உள்ளத்தில் எழும் எண்ணம் எதுவும் அதற்குத் தெரியாமல் இராது என்றார். ஆங்கிலேயரான ஜான் லாக்கும் இதில் உடன்பட்டார். இக்கொள்கைப்படி, அறியாத பாகுபாடு என்பதே பொருளற்ற சொல்.

ஜெர்மானியரான லைப்னிட்ஸ் இதை மறுத்தார். கடலின் இரைச்சலைக் கேட்கிறோம். ஆனால் ஒவ்வொரு சிற்றலையின் ஒலியையும் நாம் தனியே உணர்வதில்லை. எனினும் அவையே சேர்ந்து இரைச்சலாகின்றன. அதுபோல, நாம் கவனியாத நுண்ணுணர்வுகளும் நம்மை இயக்குகின்றன என்றார் அவர். லாக்குக்கு மறுப்பாக 1704இல் அவர் முடித்த அந்நூல் 1765இல்தான் அச்சேறியது.

1998இல் ஆந்தனி கிரீன்வால்டும் சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். பெயர்களையும் நல்ல, தீய சொற்களையும் பொத்தானை அழுத்தி விரைந்து வகைப்படுத்த வேண்டும். எந்த இணைப்புக்குக் கூடுதல் நேரம் ஆகிறது என்பதே அளவு. கருவி அளந்தது காலத்தை மட்டுமே. அதனை 'மறைந்த பாகுபாடு' என்று பெயரிடுவது, உள்ளத்தைப் பற்றிய ஒரு கொள்கையின் துணையால்தான். ஒரே மனிதரை மறுபடி சோதித்தால் அளவு மாறுவதும் உண்டு. எனவே தனி மனிதர் மீது தீர்ப்புக் கூற இது போதாது.

கில்பர்ட் ரைல் 1949இல் வேறு வழி காட்டினார். உள்ளம் ஒரு மறைவான அறையன்று. நாம் பேசும், நடந்துகொள்ளும் பாங்கிலேயே அது வெளிப்படுகிறது என்றார். 2008இல் தமார் ஜெண்ட்லர் மற்றொன்றைச் சுட்டினார்: உயரத்தில் அமைந்த கண்ணாடித் தளம் உறுதியானது என்று அறிந்தவருக்கும் அதன்மேல் நிற்கையில் கால் நடுங்கும். அறிவு ஒருபுறம், பழக்கம் மறுபுறம்.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. பாகுபாடு தவறான நம்பிக்கை என்றால் சான்று காட்டித் திருத்தலாம். பழக்கம் என்றால் அறிவுரை மட்டும் போதாது. விண்ணப்பத்தில் பெயரை மறைப்பது போன்ற ஏற்பாடுகள் தேவை. 'எனக்குத் தெரியாது' என்பவரின் பொறுப்பு எவ்வளவு என்பதும் இங்கேதான் முடிவாகும். நோய் எதுவென்று தெளிந்த பின்னரே மருந்தைத் தேட முடியும்.