உரிமம் எழுதியோரும் வாயில் திறந்தோரும்

1923ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பம்பாய்ச் சட்டமன்றம், எஸ்.கே. போலே கொணர்ந்த தீர்மானத்தை ஏற்று, பொதுக் குளங்களும் கிணறுகளும் பள்ளிகளும் தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களுக்கும் உரியன என்று அறிவித்தது. மறு ஆண்டில் மகத் நகராட்சி தன் சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதிக் கொண்டது. எனினும் 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகும்வரை, நம்மவர் அக்குளத்தைப் பயன்கொள்ள இயலவில்லை. ஏட்டில் எழுதிய உரிமைக்கும் கையில் ஏந்திய நீருக்கும் இடையே மூன்றரை ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடந்தது.

இவ்வரலாறு நம் மலரின் வாசகர்கள் அறியாததன்று. கணிப்பொறியைப் பற்றிய கட்டுரையில் இதனை முதற்கண் வைத்தற்குக் காரணம் உண்டு. எவரும் எடுத்தாளலாம் என்று எழுதப்பட்ட ஓர் இயக்கமுறைமை, எளியவர் வீட்டுக் கணிப்பொறிக்குள் புகுவதற்கும் ஆண்டுகள் பல ஆயின. உரிமம் எழுதியவர் பெயர் உலகறிந்தது. நிறுவும் வழியைச் செப்பனிட்டோர் பெயரைச் சொல்வாரோ மிகச் சிலர். ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தல் தகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். மகத்தில் நம் முன்னோர் அடிபட்டனர். நெகிழ்தட்டோடு மல்லாடிய மாணவர் எவரும் அடிபடவில்லை.

கணிப்பொறியை முடுக்கியதும் முதலில் எழுந்து, விசைப்பலகை, திரை, வன்தட்டு ஆகிய உறுப்புகளை ஆண்டு, பிற நிரல்களுக்கு இடமளிக்கும் அடிப்படை நிரல்தொகுதியே இயக்கமுறைமை எனப்படும். விண்டோஸ் அத்தகைய ஒன்று, லினக்ஸ் மற்றொன்று. நிரலை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல். பொறி மட்டும் உணரும் வடிவம் வேறு. மென்பொருளை விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் பின்னதைத் தந்து முன்னதைப் பூட்டி வைத்தன. ஓதிக்கொள், பொருள் கேளாதே என்னும் அம்முறை நமக்குப் புதிதன்று.

1980ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், தாள் சிக்கிக்கொண்டால் உரியவர்க்குச் செய்தி அனுப்புமாறு பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் ஜெராக்ஸ் நிறுவனம் வழங்கிய புதிய லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல் வரவில்லை. அதனை வைத்திருந்த கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளரை அணுகிக் கேட்டபோது, வெளியிடுவதில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி அவர் மறுத்தார். பொருட்செலவு ஏதுமில்லாத ஓர் உதவி, கையெழுத்து ஒன்றினால் தடைப்பட்டது. ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனு என்னும் கட்டற்ற இயக்கமுறைமையை உருவாக்கப் போவதாக அறிவித்தார்; 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார்; 1989இல் குனு பொது உரிமத்தை எழுதி வெளியிட்டார். மென்பொருளை எவரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் வழங்குவோர் தாம் பெற்ற அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பெற்றதைப் பூட்டி வைக்கும் உரிமை ஒன்றைத்தான் அது பறித்தது.

எனினும் 1991 தொடங்கியபோது குனுவுக்குக் கருவிகள் பல இருந்தன. அவற்றைத் தாங்கும் கர்னல் என்னும் நடுப்பகுதி இல்லை. அதனை எழுதியவர் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991 ஜனவரியில் அவர் வாங்கிய 386 வகைக் கணிப்பொறி தவணைக் கடனில் வந்தது. 21 வயது நிரம்பிய அம்மாணவர் ஆகஸ்டு 25ஆம் நாள் தம் முயற்சியை இணையத்தில் அறிவித்தார். அடுத்த திங்களில் 0.01 என்னும் முதற்பதிப்பை வைத்தார். 1992இன் தொடக்கத்தில் அதனைக் குனு பொது உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தார். அன்றே உரிமை முழுமை பெற்றது எனலாம்.

நுழைவோ பெறவில்லை. முதற்பதிப்பு தன் காலில் நிற்க இயலாதது. மினிக்ஸ் என்னும் வேறோர் இயக்கமுறைமை ஏற்கெனவே உள்ள பொறியிலேதான் அதனைக் கட்டி எழுப்பக்கூடும். பின்னர் எச்.ஜே. லூ என்பவர் இரண்டு நெகிழ்தட்டுகளில் அதனை அடக்கினார். முதல் தட்டால் பொறியை எழுப்பி, திரை கேட்கும்போது இரண்டாம் தட்டை இடுதல் வேண்டும். வன்தட்டிலிருந்தே பொறி எழ வேண்டுமாயின், வன்தட்டின் தொடக்கப் பதிவை எண்களாகத் திறந்து, கையாலேயே மாற்றி எழுத வேண்டியிருந்தது. ஓர் எண் பிழைத்தால் பொறி எழாது. படைத்தவரே தப்பவில்லை. தொலைபேசி இணைப்பிக்கு அனுப்ப வேண்டிய கட்டளையை டோர்வால்ட்ஸ் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பித் தம் மினிக்ஸ் பகுதியை அழித்துக் கொண்டார். அதனை மீண்டும் நிறுவுவதை விட்டு, தம் லினக்ஸையே முழுமையாக்கத் துணிந்தார் என்பது அவர் தம் நூலில் கூறும் செய்தி.

வாயிலைத் திறந்தோர் வரிசை இதன்பின் தொடங்குகிறது. 1992 பிப்ரவரியில் மான்செஸ்டர் கணிப்பொறி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க், வினவி வினவி அழைத்துச் செல்லும் நிறுவல் நிரல் ஒன்றை லினக்ஸுடன் சேர்த்து வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பீட்டர் மெக்டொனால்டு என்பார் எஸ்.எல்.எஸ். என்னும் விரிந்த தொகுப்பைத் தந்தார். அது பலரைச் சென்றடைந்தது, பிழைகளும் மலிந்திருந்தன. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பயின்ற பேட்ரிக் வோல்கர்டிங், தம் பாடத்திற்குத் தேவையான மொழிக்கருவிக்காக அத்தொகுப்பை நிறுவினார். தாம் திருத்திய பிழைகளைப் பிறருக்கும் பயன்படத் தொகுத்து, 1993 ஜூலையில் ஸ்லாக்வேர் என்று வெளியிட்டார். ஆகஸ்டில் இயன் மர்டாக் என்னும் மற்றொரு மாணவர் டெபியன் திட்டத்தை அறிவித்தார். உலகெங்குமுள்ள தன்னார்வலர் கூடி நடத்தும் அத்திட்டம் இன்றும் நடைபெறுகிறது. ஒரு மாணவன் தன் இடர்ப்பாட்டைத் தீர்த்ததோடு நில்லாமல், அடுத்து வருபவன் அவ்விடரில் விழாதிருக்க வழி செய்தான் என்பதே இவ்வரிசை முழுவதன் உள்ளடக்கம்.

ஸ்லாக்வேரின் முதற்பதிப்பு 24 நெகிழ்தட்டுகளில் வந்தது. ஒவ்வொன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் அடங்காது. 24 தட்டுகளையும் முன்கூட்டிப் படியெடுத்து, எண்ணிட்டு, வரிசையாக இட்டு எடுத்தல் வேண்டும். இடையில் ஒரு தட்டு பழுதெனில் வேலை நின்றுவிடும். அதற்குமுன் வன்தட்டைப் பகுத்துக் கொடுக்க வேண்டும். எந்தப் பகுதி எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதை நிறுவுவோரே குறிக்க வேண்டும். வரைகலைத் திரை வேண்டுவோர் தம் கணித்திரையின் அலைவெண்ணை அறிந்து எழுத வேண்டும். தவறான எண் திரையையே பழுதாக்கலாம் என்ற எச்சரிக்கை அக்காலக் குறிப்பேடுகளில் உண்டு. சொந்தமாகப் பொறி இல்லாதவன், அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கவும் அனுமதி இல்லாதவன், அலைவெண்ணை எங்ஙனம் அறிவான்? உரிமம் அவனை விலக்கவில்லை. அவ்வறிவு கிடைக்கும் இடங்களில் அவன் இல்லை, அவ்வளவே.

இவ்விடர்கள் ஒவ்வொன்றாக நீங்கின. 1998 பிப்ரவரியில் திறந்தமூலம் என்னும் பெயர் புனையப்பட்டது. பெரு நிறுவனங்கள் இப்பக்கம் திரும்பின. பெயரைக் காட்டிலும் பெரிய மாற்றம் 2000இல் ஜெர்மானியர் கிளாஸ் கினாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் என்பது எம் கருத்து. குறுந்தட்டை இட்டால் போதும். வன்தட்டில் ஓர் எழுத்தையும் தொடாமல் லினக்ஸ் முழுதும் எழுந்து நிற்கும். அதாவது, பிறர் பொறியிலும் அச்சமின்றிப் பயிலலாம். 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியால் உபுண்டு வந்தது. கேட்டவர் வீட்டுக்கு அதன் குறுந்தட்டுகள் அஞ்சற்செலவும் இன்றி வந்து சேர்ந்தன. அவ்வழக்கம் 2011 வரை நீடித்தது. இணைய இணைப்பு இல்லாத சிற்றூர் மாணவனுக்கு அஞ்சற்காரர் கொணர்ந்து கொடுத்த இயக்கமுறைமை அது.

நம் நாட்டில் இவ்வாயில் திறந்ததற்கும் கூடிச் செய்த பணியே காரணம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடினர். பொறியைச் சுமந்து வருவோர்க்கு அருகில் அமர்ந்து நிறுவிக் கொடுக்கும் நிறுவல் விழாக்கள் பல ஊர்களில் நடந்தன. பெங்களூரின் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், அப்பகுதி இளைஞரும் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலரும் சேர்ந்து, பிறர் கொடுத்த பழைய பொறிகளில் குனு லினக்ஸை நிறுவி ஒரு மையம் நடத்தினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம். அரசின் சிடாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றது. நம் சேரிகளிலும் அம்மடிக்கணினிகள் வந்தன. முடுக்கும்போது இரண்டு பெயர்கள் தோன்றுவதைப் பலரும் கண்டனர். இரண்டாவது பெயர் யாது என்று சொல்லிக் கொடுப்பார்தாம் அருகில் இல்லை. அந்நாளில் நம் சங்கமும் அதனைச் செய்யத் தவறியது என்பதை இம்மலரில் மறைப்பதற்கில்லை.

பிற்பாடு செய்தோம், பிழைபடவே செய்தோம். ஓர் அலுவலகம் கழித்துக் கட்டிய ஆறு கணிப்பொறிகள் நம் மாலைநேரப் படிப்பகத்திற்கு வந்தன. நம் மாணவர் இருவர் அவற்றில் லினக்ஸை நிறுவினர். அந்த ஆர்வத்தில், சங்கத்தின் கணக்கு வைத்திருந்த ஏழாவது பொறியிலும் கைவைத்துவிட்டனர். வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக என்ற வரியை அவர்கள் தெரிவு செய்த மறுகணம், ஒன்பது ஆண்டுச் சந்தாக் கணக்கு மறைந்தது. அவ்விருவரும் இரு நாள் படிப்பகத்தின் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் பொருளாளர் ஐயா தாமே அவர்கள் வீட்டிற்குச் சென்று, "ஏடு இருக்கிறதப்பா, எழுதத்தான் நீங்கள் இருக்கிறீர்களே" என்று அழைத்து வந்தார். கையெழுத்துக் கணக்கேட்டைப் பார்த்துப் பத்து இரவுகளில் மாணவர் அறுவர் அனைத்தையும் தமிழிலேயே தட்டச்சு செய்து முடித்தனர். பழைய கோப்பில் இருந்த கூட்டற்பிழை மூன்று அப்போது வெளிப்பட்டது வேறு கதை.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட பொதுவான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாத பழைய பொறிகளை அலுவலகங்களும் வீடுகளும் கழிக்கின்றன. அவற்றுட் பல லினக்ஸைத் தாங்கி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. ஒரு விரல் நீளப் பென்டிரைவில் தொகுப்பை ஏற்றி, முதலில் வன்தட்டைத் தொடாமல் இயக்கிப் பார்த்து, ஒலியும் திரையும் இணைய இணைப்பும் செவ்வனே நடந்தால் பின்பு நிறுவலாம்.

தமிழைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பழைய நிறுவல் நிரல்கள் எழுத்துத் திரையில் ஓடியவை. கொம்பும் காலும் சேர்ந்த நம் எழுத்தைச் செம்மையாகக் காட்ட அத்திரைக்கு இயலாது. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 பதிப்பில் வரைகலை நிறுவல் நிரல் சேர்ந்தபோது, மொழிகளின் பட்டியலில் தமிழும் இடம்பெற்றது. ஊதியம் பெறாத மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினாவாக எழுதி வைத்த பயன் அது. நம் படிப்பகத்திற்கு வரும் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஆங்கிலத் திரை கண்டு ஒதுங்கி நின்றவள், அப்பட்டியலில் தமிழைத் தேர்ந்து, வினாக்களை உரக்கப் படித்தபடியே சென்ற மாதம் ஒரு பொறியில் தானே நிறுவி முடித்தாள்.

சனிக்கிழமை மாலைகளில் படிப்பகம் திறந்திருக்கும். பழைய கணிப்பொறி உடையோர் கொண்டு வரலாம்; இல்லாதோரும் வரலாம், ஆறு பொறிகள் அங்கு உள்ளன. கொண்டு வருவோர் தம் கோப்புகளை முன்னரே வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு வருதல் நலம்.