மாடல், டிவி தொகுப்பாளர், இன்ஸ்டா சமையல்: சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி தன்னை மாற்றிக்கொண்டது எப்படி?

மாடலிங்கில் வயது ஏற ஏற வாய்ப்பு குறையும்னு சொல்வாங்க. ஆனால் 52 வயதில், 2023-ல், 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' நீச்சலுடை சிறப்பிதழில் இடம்பிடித்தார் பத்மா லட்சுமி. அதே ஆண்டு 'டைம்' இதழின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலிலும் வந்தார். எப்படி சாத்தியமாச்சு?

யார் இவர்?

1970-ல் சென்னையில் பிறந்தவர். செவிலியரான அம்மா முதலில் அமெரிக்கா செல்ல, 4 வயதில் பத்மாவும் அங்கே போனார். விடுமுறைக்கு சென்னையில் தாத்தா பாட்டி வீடு. சமையல் ருசி அங்கேயே ஒட்டிக்கொண்டது.

தழும்பே அடையாளம்

14 வயதில் கார் விபத்து. வலது கையில் சுமார் 7 அங்குல நீளத் தழும்பு. கல்லூரிக் காலத்தில் ஸ்பெயினில் படிக்கப் போனபோது மாடலிங் வாய்ப்பு வந்தது. தழும்பு தடையாகும் என்ற தயக்கம் இருந்தது. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹெல்முட் நியூட்டன் அந்தத் தழும்போடு படமெடுத்ததும் நிலைமை மாறியது.

டிவிக்கு வந்தது எப்படி?

மாடலிங் நிலையான வேலை இல்லை என்பதால் வேறு வழிகளையும் தேடினார். 1990களில் இத்தாலியில் 'டொமெனிகா இன்' டிவி நிகழ்ச்சியில் பங்கேற்றார். 1999-ல் முதல் சமையல் புத்தகம் வெளியானது. 2006-ல் அமெரிக்காவின் 'டாப் செஃப்' போட்டி நிகழ்ச்சியில் 2-வது சீசனிலிருந்து தொகுப்பாளர் ஆனார். 2023-ல் 20-வது சீசனோடு விலகும் வரை, மொத்தம் 19 சீசன்கள்!

சொந்தக் கதை, சொந்த நிகழ்ச்சி

2020-ல் ஹூலு தளத்தில் 'டேஸ்ட் தி நேஷன்'. இதில் அவர் வெறும் தொகுப்பாளர் இல்லை, நிர்வாகத் தயாரிப்பாளரும்கூட. அமெரிக்கப் பழங்குடியினர், புலம்பெயர்ந்தோர் என ஒவ்வொரு சமூகத்தின் சாப்பாடு வழியாக அவர்களுடைய கதையைச் சொன்னார். ஒரு எபிசோடில் நம்ம தோசையும் உண்டு. அதில் அவரது அம்மாவும் வந்தார்.

சமூக வலைதளத்தில் என்ன செய்கிறார்?

ஊரடங்கு காலத்தில் வீட்டு சமையலறையிலிருந்தே இன்ஸ்டாகிராமில் சமையல் வீடியோக்கள் போட்டார். ஸ்டுடியோ செட் கிடையாது. டிவியில் பார்த்தவரை, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி ரசிகர்கள் பார்த்தது இங்கேதான்.

மறைக்காத வலி

மாதவிடாய் காலத்தில் கடும் வலி தரும் எண்டோமெட்ரியோசிஸ் அவருக்கு டீன் ஏஜிலிருந்தே இருந்தது. என்ன நோய் என்று தெரிந்ததோ 36 வயதில்தான்! 2009-ல் மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து இதற்காக ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். 'பொண்ணுன்னா வலி இருக்கத்தான் செய்யும்' என்று கேட்டுப் பழகிய பலருக்கு, அவர் இதை வெளிப்படையாகப் பேசியது பெரிய விஷயம்.

சுருக்கமாகச் சொன்னால்...

ஒரு கதவு மூடும் வரை அவர் காத்திருக்கவில்லை. மாடலிங் இருக்கும்போதே புத்தகம், டிவி இருக்கும்போதே சொந்தத் தயாரிப்பு. வேலை மாறினாலும், கையில் இருந்த கரண்டி மட்டும் மாறவே இல்லை.