சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆம் காதைக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்பது பெயர். அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை, புகார் நகரத்துச் சிறைக்குள் புகுந்து, பசியால் வாடிய சிறையாளர்களுக்கு உணவளிக்கிறாள். செய்தியறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதெனக் கேட்கிறான். அவள் பொன்னையோ பொருளையோ கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்கிறாள். மன்னனும் அவ்வாறே செய்கிறான்.

மாணவ நண்பர்களே, பௌத்த சமயத்தின் அருளறத்தைப் பாடிய ஒரு தமிழ்ப் புலவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் கண்ட கனவு இது. குற்றம் செய்தவனை அடைத்து வைப்பது மட்டுமே அரசின் கடமையா, அவனைத் திருத்தி ஊரோடு சேர்ப்பதும் கடமையா என்னும் வினா இக்கதையினுள் அடங்கியிருக்கிறது. குற்றம் செய்தவன் சிறுவனாயின் அவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. அதற்கு வரலாறு தந்துள்ள விடைகளில் சிலவற்றை இன்று காண்போம்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரையில், ரொட்டி திருடிய சிறுவனும் கொலைசெய்த முதியவனும் பெரும்பாலும் ஒரே சிறையில் கிடந்தனர். உள்ளே சென்ற சிறுவன் தேர்ந்த திருடனாக வெளியே வந்தான். இக்கொடுமையை முதலில் உணர்ந்து செயலில் இறங்கியவர்களுள் பலர் சமயப் பற்றுடையோர் என்பது கருதத்தக்கது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கருகே 1833ஆம் ஆண்டில் விக்கெர்ன் என்னும் கிறித்துவ ஊழியர், ஆதரவற்ற சிறுவர்களைச் சிறு சிறு குடும்பங்களைப்போல் வாழவைத்து வளர்க்கும் இல்லமொன்றைத் தொடங்கினார். இத்தாலியில் தூரின் நகரத்துச் சிறைகளைக் கண்டு மனம் நொந்த ஜான் போஸ்கோ என்னும் இளங்குரு, 1841ஆம் ஆண்டு முதல் தெருவில் திரிந்த சிறுவர்களைக் கூட்டி, விளையாட்டும் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்தார். அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றுமே அவருடைய முறைக்கு அடிப்படை. குற்றம் நடந்தபின் தண்டிப்பதினும், நடவாமல் உடனிருந்து காப்பதே மேல் என்பது அவர் கொள்கை. 1855இல் சீர்திருத்தச் சிறையொன்றிலிருந்த சில நூறு சிறுவர்களைக் காவலரின்றி ஒருநாள் வெளியே அழைத்துச் சென்றாரென்றும், மாலையில் ஒருவர்கூடக் குறையாமல் அனைவரும் திரும்பினரென்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். அவர் நிறுவிய சலேசிய சபையினர் 1906ஆம் ஆண்டில் நம் தஞ்சாவூருக்கு வந்தனர். இந்தியாவில் அவர்களுடைய பணி தொடங்கியது அந்நகரில்தான்.

இங்கிலாந்தில் இத்துறையில் முதன்மையாக நினைக்கத்தக்கவர் மேரி கார்ப்பென்டர் அம்மையார். சமய போதகர் ஒருவரின் மகளான இவர், 1846இல் பிரிஸ்டல் நகரில் கந்தலுடுத்த ஏழைச் சிறுவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். 1852இல் கிங்ஸ்வுட் என்னுமிடத்திலும், 1854இல் சிறுமியருக்கெனத் தனியாகவும் சீர்திருத்தப் பள்ளிகளை நிறுவினார். 1854ஆம் ஆண்டில் இங்கிலாந்து இயற்றிய இளங்குற்றவாளிகள் சட்டத்திற்கு இவருடைய எழுத்தும் உழைப்பும் பெரிதும் துணைசெய்தன. இந்த அம்மையாருக்கும் நமக்கும் தொடர்புண்டு. பிரிஸ்டலில் 1833இல் உயிர்நீத்த இராஜாராம் மோகன் ராயை நேரிற் கண்டு, இந்தியாவின்மீது ஆர்வம் கொண்டவர் இவர். 1866ஆம் ஆண்டு முதல் நான்கு முறை இந்நாட்டுக்கு வந்து, பெண்கல்விக்காகவும் சிறைத் திருத்தத்திற்காகவும் அரசாங்கத்திடம் வாதாடினார்.

இந்தியாவில் 1850ஆம் ஆண்டிலேயே, அனாதைச் சிறுவர்களையும் சிறு குற்றம் புரிந்தவர்களையும் தொழில் பழகுநராகச் சேர்க்க ஒரு சட்டம் வந்திருந்தது. 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாகச் சென்னை மாகாணத்தில் 1887ஆம் ஆண்டு செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி திறக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டின் திருத்திய சட்டம், 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களைச் சிறைக்கு மாறாக மூன்று முதல் ஏழாண்டுகள் இத்தகைய பள்ளியில் வைக்க வழிசெய்தது. ஆயின் அச்சட்டம் ஆண் பிள்ளைகளை மட்டுமே கருதியது. சிறுமியர் அதன் கண்ணிற் படவில்லை.

1919இல் அமைந்த இந்தியச் சிறைகள் குழுவுக்குத் தலைவராயிருந்தவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டியூ. சிறுவர்க்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்பது அக்குழுவின் கருத்துகளுள் ஒன்று. 1920ஆம் ஆண்டில் சென்னைக் குழந்தைகள் சட்டம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதலில் இயற்றிய பெருமை சென்னைக்கே உரியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. வளரிளம் பருவத்தினருக்கெனப் போர்ஸ்டல் பள்ளிச் சட்டம் அடுத்து வந்தது. போர்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1902இல் அங்கே நடந்த சோதனை முயற்சியின் பெயரே உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் பாளையங்கோட்டைப் போர்ஸ்டல் பள்ளி நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. இன்று எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள புதுக்கோட்டையில் போர்ஸ்டல் பள்ளி இயங்குகிறது.

இதுவரை கூறியது ஒளியின் பக்கம். நிழலையும் காட்டுவது வரலாற்றாசிரியனின் கடமை.

சென்னைக் குழந்தைகள் சட்டம் பிறந்த அதே 1920ஆம் ஆண்டில், ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் மக்கள் சுடப்பட்டு, ஒரு பெண் உட்படப் 16 பேர் மாண்டனர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்த் தம் பெயர்களைப் பதிவுசெய்ய மறுத்ததே அவர்கள் செய்த குற்றம். குற்றம் இன்னதென அறியாத பச்சிளங் குழந்தையையும், இன்ன குலத்திற் பிறந்ததால் குற்றவாளியாகவே எண்ணிய சட்டம் அது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் தனிப் பள்ளிகளில் வைக்கவும் அது அதிகாரம் தந்தது. இச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பை இரட்சணிய சேனை என்னும் கிறித்துவ அமைப்பு ஏற்றது. அன்றைய சென்னை மாகாணத்திலிருந்த ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் ஒன்று. அங்கே நிலமும் தொழிலும் கல்வியும் தரப்பட்டன என்பது உண்மை. விரும்பியபோது வெளியேறும் உரிமை தரப்படவில்லை என்பதும் உண்மை. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சமயம் ஒருவனுக்குக் கருணையைத் தரலாம்; ஆயின் கருணை காட்டுவோன் கையிலேயே பூட்டின் சாவியும் இருக்குமாயின், அவன் பெரிதும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அடைக்கப்பட்ட சிறுவன் தொழ மறுக்கவும் இயலாதவன். ஆகவேதான் நம் அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களிற் சமய போதனை கூடாது என்கிறது. அரசின் ஏற்பு அல்லது உதவி பெற்ற பிற கல்வி நிலையங்களிலும், சிறுவனாயின் பாதுகாவலரின் இசைவின்றி அவனைச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. அன்பு செலுத்தச் சமயம் தூண்டுகோலாகலாம். அன்புக்கு விலையாகச் சமயத்தைக் கேட்டல் தகாது. மணிமேகலை சோறிட்டபோது எவரிடமும் சமயம் கேட்கவில்லை என்பதை நினைவிற் கொள்க.

இன்று நடைமுறையிலுள்ள 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18 வயது நிரம்பாதவர் வழக்கை இளைஞர் நீதிக் குழுமத்திடம் ஒப்படைக்கிறது. ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அதன் உறுப்பினர்கள். சமூகப் பணியாளருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும். 16 வயதைக் கடந்தோர் செய்த கொடுங்குற்றங்களுக்கு மட்டும் வேறு முறை உண்டு. சிறுவனின் பெயரையோ படத்தையோ வெளியிடுதல் குற்றமாகும். பழைய குற்றம் அவனுடைய வருங்காலத்துக்குத் தடையாகாது என்பது அச்சட்டத்தின் பொதுவிதி. சட்டம் மறக்கச் சொல்கிறது. ஊர் மறக்கிறதா?

இவ்விடத்தில் என் குறையொன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு ஒரு தந்தை தம் மகனை அழைத்து வந்தார். மிதிவண்டி திருடிய குற்றத்துக்காகச் சில மாதங்கள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்து மீண்ட பையன். பெற்றோர் சிலர் அதனை எப்படியோ அறிந்து, அவனைச் சேர்த்தால் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்றனர். நான் அஞ்சினேன். 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று தந்தையிடம் கூறினேன். பையன் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த மாற்றுச் சான்றிதழை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த ஆண்டு அவர்கள் வரவில்லை. அரசும் இல்லமும் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டன. வாயிலில் நின்று தடுத்தவன் நான்தான். அறக்கோட்டமாக இருக்க வேண்டிய பள்ளியை அன்று ஒரு கணம் நான் சிறைக்கோட்டமாக்கினேன்.

எங்கள் ஊருக்கு நெற்குப்பை என்று பெயர். வெளியூர்ப் பிள்ளைகள் இப்பெயரைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. பழந்தமிழில் குப்பை என்பதற்குக் குவியல் என்பதே பொருள். நெற்குப்பை என்றால் நெற்குவியல். சொல்லின் பொருள் மறந்தவனுக்குக் குவித்த நெல்லும் கழிவாகத் தோன்றும். நாளை உங்கள் வகுப்பறையிலோ தெருவிலோ அத்தகைய சிறுவன் ஒருவன் திரும்பி வந்து நிற்கலாம். அவனிடம் பழங்கதை கேட்காதீர்கள். பலகையிற் சற்று நகர்ந்து இடம் கொடுங்கள். நான் செய்யத் தவறிய அப்பணியை நீங்கள் செய்வீர்கள் என்று நம்புகிறேன்.