விலைக்கு வந்த வளவு

ஒரு வீடு விற்கப்படும்போது உறுதியில் நான்கு எல்லைகளும் எழுதப்படும். வடக்கே யாருடைய காணி, கிழக்கே எந்தப் பாதை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஏலத்தில் போகும் வீடானால் தளபாடங்களுக்கும் படங்களுக்கும் தனிப் பட்டியல் இருக்கும். ஆனால் அந்தக் காணியை முன்னர் இழந்தவர்கள் யார், அதன் செல்வம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்ற விபரம் எந்த உறுதியிலும் இராது. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள ஸ்டோவ் மாளிகையின் வரலாறு இதற்கு நல்லதொரு சாட்சி. அந்த வரலாற்றின் ஒரு கிளை தமிழ் நிலம் வரையும் நீண்டிருப்பதனால் அது நாம் அறிந்திருக்க வேண்டியதுமாகும்.

ஸ்டோவ் டெம்பிள் என்ற குடும்பத்தின் நாட்டுப்புற வீடு. 1697இல் அதற்கு உரித்தாளியான ரிச்சர்ட் டெம்பிள், பின்னர் கோபம் பிரபு எனப்பட்டவர், ஒரு போர்த் தளபதி. 1733இல் பிரதமர் வால்போலுடன் முரண்பட்டு, தமது படைப்பிரிவின் தலைமையை இழந்து ஸ்டோவுக்குத் திரும்பினார். அதன் பின்னர் அவருடைய அரசியல் தோட்டத்திலேயே நடந்தது. வில்லியம் கென்ற் என்ற கலைஞர் அவருக்காகப் பிரித்தானியப் பெரியார் மண்டபத்தை வடிவமைத்தார். அதில் ஷேக்ஸ்பியர், மில்டன், நியூட்டன் உட்பட 16 பேரின் மார்பளவுச் சிலைகள் உள்ளன. பண்டைய ஒழுக்கத்துக்கு அழகான கோயில் ஒன்றைக் கட்டிய பிரபு, தம் காலத்து ஒழுக்கத்தைக் காட்ட இடிபாடு ஒன்றையே அதன் அருகில் கட்டுவித்தார். ஆட்சியாளரைப் பழித்து எழுதிய அங்கதச் செய்யுள் போன்றது அந்தத் தோட்டம். எழுத்துக்குப் பதிலாகக் கல்லும் மரமும் அங்கே பயன்பட்டன.

இன்னொரு நுட்பமும் அங்கு உண்டு. தோட்டத்தின் எல்லையில் மதில் கண்ணுக்குத் தெரியக் கூடாதென்பதற்காக நிலத்தைத் தாழ வெட்டிப் பள்ளத்தினுள்ளே சுவர் எழுப்பினார்கள். வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளி தொலைவயல்வரை தடையின்றி ஓடுவதாகத் தோன்றும். மேயும் மாடு மட்டும் உள்ளே வர முடியாது. 1741 முதல் 1751 வரை அங்கு தலைமைத் தோட்டக்காரராக இருந்த லான்ஸ்லொட் பிரவுண், பிற்காலத்தில் இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற தோட்டக் கலைஞரானார்.

இத்தனை அழகுக்கும் இடம் எங்கிருந்து வந்தது? ஸ்டோவ் என்பது முதலில் ஒரு கிராமத்தின் பெயர். தோட்டம் விரிய விரியக் கிராமம் படிப்படியாக அகற்றப்பட்டது. குடிகள் டாட்ஃபோர்ட் முதலான அயற்கிராமங்களுக்குப் போயினர். எஞ்சியது தேவாலயம் மட்டுமே. மரங்களுக்கிடையில் மறைந்து அது இன்றும் தோட்டத்தினுள்ளே நிற்கிறது. வணக்கத்தலம் இருக்க ஊர் இல்லாமற் போவது எத்தகையதென்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பணத்தின் ஒரு பகுதிக்குக் கடல் கடந்த வேரும் உண்டு. திருமண உறவின் வழியாக ஜமைக்காவிலுள்ள ஹோப் என்ற கரும்புத் தோட்டம் இக்குடும்பத்தின் கைக்கு வந்தது. அதில் உழைத்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். இங்கே ஒரு முரண் கவனிக்கத்தக்கது. 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்த சட்டம் நிறைவேறியபோது பிரதமராயிருந்த வில்லியம் கிரென்வில் இதே குடும்பத்தவர். ஆனால் 1833இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, உடைமையாளருக்கு அரசு ஒதுக்கிய இரண்டு கோடிப் பவுண் நட்டஈட்டில் ஸ்டோவின் குடும்பமும் பங்கு பெற்றது. அடிமைகளாயிருந்தவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை.

இவ்வளவு வருமானமும் அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை. பக்கிங்ஹாமின் இரண்டாவது கோமகன் கடன் பெற்றுக் காணி வாங்கினார். மேலும் கடன் பெற்று ஆடம்பரம் செய்தார். 1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணிக்கு ஸ்டோவில் பெருவிருந்து நடந்தது. அப்போதே கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பத்து இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட அக்கடனுக்காக 1847இல் நீதிமன்றச் சேவகர்கள் வீட்டினுள் புகுந்தனர். 1848 ஓகஸ்ட் 15இல் தொடங்கிய ஏலம் 40 நாட்கள் நடந்தது. கிடைத்தது சுமார் 75,000 பவுண் மட்டுமே. கடலளவு கடனுக்குக் கையளவு நீர்! அந்த ஏலத்தில் விலைபோனவற்றுள் ஷேக்ஸ்பியரின் ஓவியமும் ஒன்று. 355 கினிக்கு அதனை வாங்கிய எல்ஸ்மியர் பிரபு, 1856இல் லண்டனில் நிறுவப்பட்ட தேசிய உருவப்பட மண்டபத்துக்கு வழங்கினார். அம்மண்டபம் பெற்ற முதலாவது ஓவியம் அதுவே. வீடு விற்கப்பட்டதனாலேயே ஷேக்ஸ்பியரின் முகம் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

தகப்பன் வைத்த கடனை மகன் சுமந்தார். 1823இல் பிறந்த மூன்றாவது கோமகன் வீண் செலவை விட்டு உழைத்தவர். 1853 முதல் ஒரு பெரிய புகையிரதக் கம்பெனியின் தலைவராயிருந்தார். 1867, 1868ஆம் ஆண்டுகளில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராயிருந்தபோது இலங்கையும் அவரது பொறுப்பிலேயே இருந்தது. 1875இல் சென்னைத் தேசாதிபதியாக வந்தார். அவர் வந்த மறு ஆண்டே பெரும் பஞ்சம் தொடங்கியது. தாது வருடப் பஞ்சம் என்று தமிழ்நாட்டார் இன்றும் நினைவுகூருவது அதனையே. நிவாரணச் செலவைக் குறைக்க டில்லியிலிருந்து வைஸ்ராய் அனுப்பிய அதிகாரியின் பெயர் சேர் ரிச்சர்ட் டெம்பிள். பெயர் ஒன்றாயினும் இவர் ஸ்டோவ் குடும்பத்தின் ரிச்சர்ட் டெம்பிள் அல்லர். நாள் முழுதும் மண் வெட்டுபவனுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்பது அவர் விதித்த கூலி. கோமகன் 1877 ஓகஸ்டில் பிரித்தானிய மக்களிடம் நன்கொடை கேட்டு வேண்டுகோள் விடுத்தார். லண்டனில் பெருந்தொகை சேர்ந்தது. எனினும் அதற்குள் பல இலட்சம் உயிர்கள் போய்விட்டன. தப்பியோரில் பெருந்தொகையினர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகவும் தோணியிலும் வந்தனர்.

அப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகச் சென்னை நகரினுள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. 1806இலேயே தொடங்கிப் பகுதி பகுதியாக நீண்ட அந்தக் கரையோரக் கால்வாய் முழுவதற்கும் பின்னர் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயரிட்டனர். பசியோடு மண் வெட்டியவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. ஸ்டோவிலிருந்து போன கிராமத்தாருக்கும் ஹோப் தோட்டத்து அடிமைகளுக்கும் நேர்ந்ததே அவர்களுக்கும் நேர்ந்தது.

1889இல் மூன்றாவது கோமகன் ஆண் வாரிசின்றி மறைய, கோமகன் பட்டம் அவரோடு முடிந்தது. வீடு சில ஆண்டுகள் பிரான்சிய அரசுரிமை கோரிய ஒருவருக்கு வாடகைக்கு விடப்பட்டது. பேரர்களில் மூத்தவர் 1914இல் போர்முனையில் கொல்லப்பட்டார். 1921இல் வீடும் தோட்டமும் எஞ்சிய பொருட்களும் மீண்டும் ஏலத்துக்கு வந்தன. மாளிகைக்குச் செல்லும் நீண்ட மர வீதி துண்டு துண்டாக வீட்டுக் காணிகளாகப் போய்விடும் என்ற அச்சத்தில், கட்டடக் கலைஞர் குளஃப் வில்லியம்ஸ் எலிஸ் தம் சொந்தப் பணத்தில் அதனை வாங்கிக் காப்பாற்றினார். 1923 மே 11இல் அந்த மாளிகை 99 மாணவருடன் ஒரு பாடசாலையாகத் திறக்கப்பட்டது. கரும்பலகையோடு வாழும் எனக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. ஆயினும் அது கட்டணம் செலுத்திப் படிக்கும் விடுதிப் பாடசாலை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1989இல் தோட்டம் தேசிய நம்பிக்கை நிதியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னர் குடிகளை வெளியேற்றிய புல்வெளியில் இன்று அனுமதிச் சீட்டு வாங்கி எவரும் நடக்கலாம்.

வீடு விற்கப்படுவது எப்போதும் இழப்பாகாது என்பதை ஸ்டோவ் காட்டுகிறது. ஓவியம் மக்களிடம் சேர்ந்தது, மண்டபம் வகுப்பறையாயிற்று. உண்மையான இழப்பு, வீட்டின் வரலாற்றை உடைமையாளரின் வரலாறாக மட்டும் எழுதிவைப்பதே. அந்தத் தேவாலயத்தைச் சுற்றி ஓர் ஊர் இருந்தது என்பதையும், அந்தக் கால்வாயை வெட்டியவர்களுக்கு ஓர் இறாத்தல் தானியமே கூலியாக விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் வரலாறு முழுமை பெறுகிறது. ஏலப் பட்டியல் விட்டுவிட்ட பெயர்களைத் தேடி எழுதுவது எழுதுகிறவர்களின் கடன். அதை அடைக்க நமக்கு ஏலக்காரன் தேவையில்லை.