ஆசானும் மேலாளரும்: கேரளக் காற்பந்து ரசிகரின் கோபத்துக்கு ஒரு வரலாறு

2024 டிசம்பரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் தலைமைப் பயிற்றுநர் மிக்கேல் ஸ்டாரே பதவி நீக்கப்பட்டார். இந்தியன் சூப்பர் லீக்கின் அந்தப் பருவத்தில் அணி அதுவரை ஆடிய 12 ஆட்டங்களில் 3 வெற்றி, 2 சமநிலை, 7 தோல்வி. இத்தகைய நீக்கத்தால் ரசிகரின் சினம் தணிவதே வழக்கம். ஆனால் ‘மஞ்ஞப்பட’ என்னும் ரசிகர் அமைப்பு தன் எதிர்ப்பைக் கைவிடவில்லை. பயிற்றுநர் போனபின்னும் அது அணி நிர்வாகத்தையே குற்றஞ்சாட்டியது. தோல்விக்குப் பொறுப்பாளி யார் என்னும் கேள்விக்குக் கேரள ரசிகர் அளித்துவந்த விடை, பத்தாண்டில் எப்படி மாறியது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

அந்த மாற்றத்தை அறியச் சொல்லிலிருந்து தொடங்கலாம். அணியை நடத்துபவரை மலையாள ரசிகர் அன்போடு அழைக்கும் சொல் ‘ஆசான்’. தமிழ் இலக்கண நூல்களில் ஆசிரியரைக் குறிக்கும் இச்சொல், தென் திருவிதாங்கூரில் களரி ஆசான், வர்ம ஆசான் என இன்றும் வழங்குகிறது. மலையாளத்தில் மணலில் எழுத்துப் பழக்கியவரும் ஆசானே. வலியசாலையின் பெயரிலுள்ள ‘சாலை’ நினைவூட்டும் காந்தளூர்ச் சாலையை ஒரு கல்வி நிலையமாக வரலாற்றாசிரியர் பலர் கருதுவதையும் இங்கே எண்ணலாம். ஆசான் கற்பிப்பவர். ஆளெடுப்பதும் விற்பதும் ஊதியம் நிர்ணயிப்பதும் அவர் தொழிலல்ல. ‘மேலாளர்’ என்னும் சொல்லோ நிர்வாகத்தையும் அதிகாரத்தையும் உணர்த்துவது. இவ்விரண்டும் ஒருவரிடமே உள்ளன என்று கருதும்போது ரசிகரின் விமர்சனம் இலக்குத் தவறுகிறது.

இந்தியக் காற்பந்தின் முன்னோடிப் பயிற்றுநர் சையது அப்துல் ரஹீம், ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய அணி யூகோஸ்லாவியாவிடம் 1–10 எனத் தோற்றது. அத்தோல்வியோடு அவர் காலம் முடிந்துவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றதும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றதும் அவர் பயிற்சியில்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் ஆடி, பெரு அணிக்கு எதிராகக் கோல் அடித்தவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். அவரே பின்னர் கேரள அணியின் பயிற்றுநராகி, 1973இல் எர்ணாகுளத்தில் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ரயில்வே அணிக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தில் 3–2 என வெற்றி. அணித்தலைவர் மணி மூன்று கோல்களையும் அடித்தார். அது ஆசான் மரபின் காலம். வீரரை வாங்கி விற்கும் உரிமையாளர் அந்தச் சித்திரத்தில் இல்லை.

2014இல் பிளாஸ்டர்ஸ் தொடங்கியதும் நிலைமை மாறியது. முதல் ஏழாண்டில் எந்தப் பயிற்றுநரும் தொடர்ந்து இரண்டு முழுப் பருவங்கள் நீடிக்கவில்லை. பீட்டர் டெய்லர் 2015இல் பருவத்தின் இடையிலேயே விலகினார். இறுதி ஆட்டம்வரை அணியைக் கொண்டுசென்ற ஸ்டீவ் கொப்பெலும் ஒரு பருவத்தோடு சென்றார். ஒவ்வொரு தோல்வியிலும் பழி ஆசான் தலையில் விழுந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் புது நம்பிக்கை பிறந்தது. நிர்வாகத்துக்கும் இது வசதியாகவே இருந்தது.

2021இல் வந்த இவான் வுகோமனோவிச் இச்சுழற்சியை நிறுத்தினார். மூன்று பருவங்களிலும் அணி அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றது; முதல் பருவத்தில் இறுதி ஆட்டத்தில் ஐதராபாத்திடம் பெனால்டியில் தோற்றது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில், சுனில் சேத்ரி அடித்த ஃப்ரீகிக் கோலை எதிர்த்து அவர் அணியைக் களத்திலிருந்து வெளியேற்றினார். அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் ரூபாய் அபராதமும், கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. கோப்பை ஏதும் வெல்லாத இவரைத்தான் ரசிகர் நெஞ்சார ‘ஆசான்’ என்றனர். வெற்றிக் கணக்கு மட்டுமே ரசிகரின் அளவுகோல் என்னும் பொதுக்கருத்து இங்கே பொருந்தவில்லை.

அவர் 2024 ஏப்ரலில் விலகியபோது ரசிகர்முன் வேறொரு கணக்கும் இருந்தது. 2023இல் சகல் அப்துல் சமத் மோகன் பகானுக்குச் சென்றார். 2024இல் ஜீக்சன் சிங்கும், முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிகக் கோல் அடித்த திமித்ரியோஸ் தியாமந்தகோசும் ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்றனர். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆட்டக்காரர் தேர்வு, தடுப்பு வரிசையின் குழப்பம், மாற்று வீரரை இறக்கும் நேரம் ஆகியவற்றுக்கு ஸ்டாரே பொறுப்பாளியே. ஆனால் அவர் கையில் கொடுக்கப்பட்ட அணிக்கு அவர் மட்டும் பொறுப்பல்லர். டிசம்பர் எதிர்ப்பின்போது மஞ்ஞப்பட, ஆட்டச் சீட்டுகளைப் பெற்று விற்பதில்லை என அறிவித்தது. கூச்சலுக்குப் பதிலாக வருவாயைக் குறிவைத்த இம்முறை, முடிவெடுப்பவர் யார் என்பதை ரசிகர் அறிந்துகொண்டதன் அடையாளம்.

அமெரிக்க பேஸ்பால் இதற்கு நேர்மாறான சான்றைத் தருகிறது. ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை மேலாளராக நடத்திய கோனி மேக், அதன் உரிமையாளர்களுள் ஒருவரும் ஆவார். 1929, 1930 ஆண்டுகளில் உலகத் தொடரை வென்ற தன் அணியின் நட்சத்திரங்களை, பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அவரே விற்றார். பின்பு அணி மீளாச் சரிவுற்றது. அங்கே விற்றவரும் களத்தில் நடத்தியவரும் ஒருவரே என்பதால், ரசிகரின் குற்றச்சாட்டு முகவரி மாறிச் செல்ல வழியில்லை. இன்றைய கழகங்களில் இவ்விரு பொறுப்புகளும் பிரிந்துவிட்டன. பழி மட்டும் பிரியாமல் பயிற்றுநரையே சேர்ந்தது.

விளையாட்டு வரலாறு ஆட்டக்காரர்களையும் கோப்பைகளையும் பதிவுசெய்யும் அளவுக்கு ரசிகரின் விமர்சனத்தைப் பதிவுசெய்வதில்லை. அதை வெறும் உணர்ச்சி என ஒதுக்குவது பிழை. கலூர் மைதானத்தின் மஞ்சள் வரிசைகளில் பத்தாண்டாக நடந்தது, அதிகாரம் எங்கே இருக்கிறது என்னும் தேடலும்தான்.